டேப்பின் மறுமுனை

நான் கதை விடுகிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நிலம் அளந்து பிழைக்கும் சர்வேயர். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரே ஒரு தடவை பார்க்காததை எழுதினேன். அதற்கு வந்த வினைதான் இது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு மணிக்கு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் எல்லா நிலத்தையும் புதிதாக அளந்தது. எங்கள் அளவுப் புத்தகத்தில் ஏறுவதுதான் இனி சட்டம். பழைய பத்திரம், பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவந்த அடையாளம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அப்போது ஒரு காய்கறித் தோட்டக்காரரின் நிலத்துக்குப் போனேன். நீளமான, ஒடுங்கின நிலம். பத்திரத்தில் மேற்கே கல், கிழக்கே ஓடை என்று இருந்தது. என் உதவியாள் அன்று வரவில்லை. டேப்பின் மறுமுனையைத் தோட்டக்காரரே பிடித்தார்.

முப்பது மீட்டர் டேப். நான்கு டேப் அளந்ததும் எதிரே சுவர் மாதிரி முள்புதர். மண்டையைப் பிளக்கிற வெயில். எனக்கோ அகோரப் பசி. புதருக்குள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"இன்னும் இருக்கு சார்."

"முள்ளுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"எங்க ஆளுங்க இருக்காங்க சார். அப்பா, அம்மா, என் மூத்த பையன். ஓடைக்கரையிலதான் புதைச்சிருக்கோம்."

"சரி சரி, எழுதிக்கிறேன். நீங்க டேப்பை விடுங்க."

எழுதினேன். 'நான்கு டேப். அதற்கு அப்பால் தரிசு. உரிமை கோருவோர் இல்லை.' டேப்பைச் சுருட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். யாரும் எனக்கு லஞ்சம் தரவில்லை. தந்திருந்தால்கூட மனசு இவ்வளவு அறுக்காது, அதற்கென்று ஒரு காரணமாவது இருந்திருக்கும். வெறும் சோம்பல். ஒரு குடும்பத்தின் மூன்று பிணங்களை ஒரு வேளைச் சோற்றுக்காக அழித்தேன்.

உரிமை கோருவோர் இல்லாத இடம் அரசாங்கத்துக்குப் போகும். அங்கிருந்து அது ஒரு கிடங்கு கட்டுகிற கம்பெனிக்குப் போனது. போன வருடம் இயந்திரம் விட்டு நிரவப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டக்காரர் அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய மகள், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பகுதியில் வேலை பார்க்கிறவள், மனு கொடுத்தாள். விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். "காகிதத்துல எங்க பேரு இல்லன்னு சொல்றீங்க. மண்ணுக்குள்ள இருக்கிறவங்க யாருங்க, அப்ப?" என்று கேட்டாள். அதிகாரி தலையைச் சொறிந்தார். திங்கட்கிழமை இயந்திரம் வருவதற்குள் மறுபடி அளந்து அறிக்கை தரச் சொன்னார்.

கோப்பு என் மேஜைக்கே வந்தது. நான்குக்கு மேல் எழுதினால் அன்று எழுதிய நான்கு பொய்யாகிவிடும். மெமோ வரும், பதவி உயர்வு போகும். மறுபடியும் நான்கு என்றே எழுதிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். இதை மறைத்தால் மீதியைச் சொல்லி என்ன பயன்?

வியாழக்கிழமை. மகளும் மருமகனும் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது 1.52. தோட்டம் போட ஆளில்லாமல் நிலம் முழுக்க ஆளுயரப் புல். மேற்குக் கல் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன்.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

குரல் புல்லுக்குள்ளிருந்து வந்தது. மருமகன் முன்னாலேயே வந்துவிட்டான் போல என்று நினைத்தேன். டேப்பின் நுனி வளையத்தையும் அடையாளம் குத்தும் இரும்பு ஊசிகளையும் புல்லோரம் வைத்தேன். "எடுத்துக்கிட்டு நேரா கிழக்கே போங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லில் எண் பார்க்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது வளையம் அங்கே இல்லை. என் கையில் இருந்த டேப் ஓடிக்கொண்டிருந்தது... சர்ர்ர்...

முப்பது வந்தது. "நில்லுங்க!" என்றேன். நின்றது. "ஊசி குத்துங்க!" டங்.

புல்லை விலக்கிக்கொண்டு ஊசி வரைக்கும் நடந்தேன். மழை பெய்து ஐந்து மாதமாகி, மண் பாறையாக இறுகிக் கிடந்தது. அதில் ஊசி குத்த சுத்தியல் வேண்டும். இந்த ஊசியோ தலை வரைக்கும் இறங்கியிருந்தது. பிடுங்கினேன். அந்த வெயிலிலும் இரும்பு சில்லென்று இருந்தது.

மருமகன் பலசாலிதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

இரண்டாவது டேப். 2.04. புல் அசையவில்லை. ஓர் ஆள் நடந்தால் தலைக்கு மேல் புல் அலைய வேண்டாமா? டேப் மட்டும் போய்க்கொண்டிருந்தது. காலடிச் சத்தமும் இல்லை.

மூன்றாவது டேப். 2.11. அப்போதுதான் அதைக் கவனித்தேன். உயிருள்ள கை பிடித்தால் டேப் கொஞ்சமாவது நடுங்கும். மூச்சு விட்டால்கூட என் விரலுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

இது நடுங்கவில்லை.

நான்காவது டேப். 2.19. டங். நாலாவது ஊசிக்குப் போனேன். எதிரே அதே முள்புதர். என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"போதும். இதோட முடிஞ்சுது. திரும்பி வாங்க."

டேப் தளரவில்லை.

"போதுங்கறேன்ல!"

முள்ளுக்குள்ளிருந்து குரல்... கோபமே இல்லாமல்... பொறுமையாக...

"இன்னும் இருக்கு சார்."

டேப் மறுபடி ஓட ஆரம்பித்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். நிற்கவில்லை. கையைக் கிழித்துக்கொண்டு போனது... இருபது... இருபத்தைந்து...

முப்பது. நின்றது.

டங்.

ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. டேப் பெட்டியை நாலாவது ஊசியில் மாட்டிவிட்டு, டேப்பையே பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்தேன்.

அந்தப் பக்கம் ஓடை. அதன் கரையில் மேடுகள்.

மூன்று இல்லை. நான்கு.

நாலாவது மேட்டின் மேல், முழங்கால் உயரத்தில், டேப்பின் வளையம்.

அந்தரத்தில்.

விறைப்பாக.

பிடிக்க யாருமே இல்லை.

டேப் ஒரு தடவை இழுபட்டது. மெதுவாக. கேள்வி கேட்கிற மாதிரி.

"அஞ்சு..." என்றேன். "அஞ்சுன்னு எழுதறேன்... சத்தியமா எழுதறேன்..."

வளையம் இறங்கியது. விழவில்லை. யாரோ பதமாக வைப்பது போல மேட்டின் மேல் படுத்துக்கொண்டது.

மணி 2.31.

எப்படி வெளியே வந்தேன் என்பது நினைவில்லை. மேற்குக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். 3.10க்கு மகளும் மருமகனும் சாலையிலிருந்து இறங்கி வந்தார்கள். இருவர் உடையிலும் ஒரு துளி புழுதியில்லை.

"பஸ் லேட் சார்" என்றாள்.

"இப்பதான் வர்றீங்களா? ரெண்டு பேருமா?"

"ஆமா சார்." என் கையில் ரத்தத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஐந்து டேப், நூற்றைம்பது மீட்டர், கிழக்கே ஓடை, கரையில் நான்கு சமாதிகள். முந்தைய அளவு என் பிழை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இயந்திரம் வரவில்லை. மெமோ வந்தது. பதவி உயர்வு போனது. நியாயம்தான். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, தீர்ப்பின் நகலை வாங்க அவள் ஆபீசுக்கு வந்தாள். போகும்போது என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாள்கணக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எழுந்து நின்றேன். அவள்தான் பேசினாள்.

"அப்பா உங்களைத் திட்டினதே இல்ல சார். அந்த சார் வெயில்ல களைச்சிருந்தாரு, மறுபடி வருவாருன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. படுக்கையில விழுந்து கடைசி அஞ்சு நாள் அதையேதான் கேட்டாரு. சார் வந்தாரா, சார் வந்தாரான்னு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் சார். அன்னிக்கு பஸ் லேட் இல்ல. ஒன்றரை மணிக்கே வந்துட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல ரோட்டு முனையில, கடை வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தோம்."

"ஏன்?"

நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சாகறதுக்கு முன்னாடி அப்பா சத்தியம் வாங்கிக்கிட்டாரு சார். 'அந்த சார் அளக்க வந்தா நீங்க யாரும் கிட்ட போகாதீங்க... முனையை நான்தான் புடிப்பேன்'னு."