வரப்பு தாண்டி வந்த குண்டு

கொரோனா அடங்கி ஊரெல்லாம் பழையபடி நடமாடத் தொடங்கிய சமயம், மார்கழி மாதம். சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம். பாதிக்கு மேல் மரவள்ளி போட்டிருந்தோம். கிழங்கு பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் உழுது போட்ட மாதிரி கிடக்கும். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினோம், பட்டாசு வெடித்தோம். எதற்கும் அசையவில்லை.

பக்கத்துத் தோட்டம் என் கொழுந்தனாருடையது. அவரிடம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒருநாள் எங்கள் வாசலில் உட்கார்ந்து, லாரிப் பட்டறை வைத்திருக்கும் கூட்டாளியிடம் எதைப் போட்டுச் சுடுவது என்று பேசிக்கொண்டிருந்தார். காடை, கௌதாரி சுடுகிற சின்ன ரவை சிதறிப் போகிறது, தூரத்தில் நிற்கும் பன்றிக்கு அது உறைக்கவே மாட்டேன் என்கிறது என்பது அவர் குறை. கூட்டாளி, லாரி பேரிங்கில் கழற்றிய இரும்புக் குண்டுகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். இருவரும் அதில் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கினார்கள்.

“இதுல ஒண்ணு போதுமுங்க. அந்தக் கோடியில நின்னாலும் போய் அடிக்கும்” என்றார் கூட்டாளி.

டீ கொடுக்க வந்த என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “பன்னி மேல படலீன்னா அது எங்க போயி நிக்குமுங்க?” என்று கேட்டேன்.

“அண்ணிக்கு எதைக் கண்டாலும் பயம்” என்று கொழுந்தனார் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரம். மரவள்ளிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் வழக்கமாகக் கூலிக்கு வரும் அம்மாவும் உடன் இருந்தார். வெடிச் சத்தம் கேட்டது. பட்டாசு என்றுதான் நினைத்தேன். அதற்குள் இடது தொடையில் கடப்பாரையால் அடித்தது போல ஓர் அடி. விழுந்துவிட்டேன். அந்த அம்மா தலைத்துண்டை உருவிக் காலை இறுக்கிக் கட்டி, “அசையாதீங்க அம்மணி” என்று சொல்லிக்கொண்டே ஆட்களைக் கூப்பிட்டார்.

வரப்பேறி வந்த கொழுந்தனார் ரத்தத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடினார், துப்பாக்கியை ஒளித்து வைக்க. என் வீட்டுக்காரர் காரை எடுத்து வந்தார். அந்த அம்மாவும் என் காலைப் பிடித்தபடி ஏறிக்கொண்டார்.

“வேலிக் கம்பி குத்திருச்சுன்னு சொல்லிப்போடு, சாமி. தம்பி பொழப்பே போயிரும்” என்றார் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில்தான் என்னிடம் அத்தனை கனிவாகப் பேசியிருக்கிறார். பிறகு அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “நீயும் அதையேதான் சொல்லோணும்” என்றார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் அவர் கம்பிக் கதையைச் சொன்னார். வலியில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. கம்பி என்றால் கழுவித் தையல் போடலாம் என்று டாக்டர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்ற அந்த அம்மா, “கம்பி இல்லீங்க டாக்டர். துப்பாக்கிங்க. குண்டு உள்ளதான் இருக்குது” என்றார். வீட்டுக்காரர் அவரை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. டாக்டர் என்னைப் பார்த்தார். “ஆமாங்க” என்றேன்.

படம் எடுத்துப் பார்த்தால், பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக் குண்டு கிடந்தது. அப்படியே தைத்து அனுப்பியிருந்தால் கால் போயிருக்கும், உயிரே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை என்றார் டாக்டர். சேலத்துக்கு அனுப்பி அறுவை சிகிச்சை நடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போனது. கொழுந்தனார் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூட எங்களைக் கூப்பிடுவதில்லை. கொழுந்தனைக் கம்பி எண்ண வைத்தவள் என்று எனக்குப் பெயர். சுட்டவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாவை எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. நாமாவது கூப்பிடலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “அவ பேச்சை எடுக்காத” என்றார்.

இப்போது அந்த அம்மா பஸ் ஏறி நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் வேலைக்குப் போகிறார். வழியில் பார்க்கும்போதெல்லாம், “கால் எப்படி இருக்குதுங்க அம்மணி?” என்று கேட்கத் தவறுவதில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. என்னைக் காப்பாற்றியதற்காகப் பிழைப்பை இழந்தவரிடம் நன்றி என்ற சொல்லை எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல், பஸ் போன பிறகும் ரோட்டோரத்திலேயே நின்றுவிடுகிறேன்.