மாப்பிள்ளைக்குப் போன மீன் தலை

வள்ளத்தில் என்னை ஏற்றியது மீன் பிடிக்க அல்ல. பாரத்துக்கு.

வில்கமுவப் பக்கத்து நீர்த்தேக்கம். வள்ளம் என் கணவரின் சிங்கள நண்பருடையது. ஒரு பக்கம் மிதப்புக் கட்டை, நடுவில் மூங்கில், மூங்கிலில் உரப் பைகளைப் பிரித்துத் தைத்த பாய். காற்று ஏறினால் சாயும். அதற்குத்தான் நான்.

“கட்டைப் பக்கம் உக்காந்துக்க. ஆடாம இரு, அது போதும்” என்றார் கணவர்.

ஆடாமல் இருந்தேன். மற்றதெல்லாம் ஆடியது. தண்ணீரில் மூழ்கி உச்சிக்கிளை மட்டும் நீட்டிய மரங்கள், சிறகு காயவைத்த நீர்க்காகங்கள், வெயில், சில்லுச் சில்லாய் உடைந்த வெயில்.

கணவரும் அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையும் கொழும்பில் வாங்கிய புதுத் தூண்டிலை மாறி மாறி வீசினார்கள். ஒன்றும் வரவில்லை. காற்றைக் குறை சொன்னார்கள். பாயைக் குறை சொன்னார்கள்.

“பொம்பள ஏறுன வள்ளம் மச்சான், எப்படி மாட்டும்?” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

காலையில் ரொட்டி சுட்டு மிஞ்சிய மாவை ஒரு ஷொப்பிங் பேக்கில் கொண்டுவந்திருந்தேன். வள்ளத்தின் அடியில் யாரோ விட்டுப்போன சோடாப் போத்தல், அதில் சுற்றிய நைலோன் நூல், முனையில் தூண்டில் முள். மாவை உருட்டிக் குத்தி இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

“ஏய், விட்டுறாத! இங்க தா!” கணவர் கை நீட்டினார்.

தரவில்லை. பாய் படபடக்க, வள்ளம் சாய, அவர்கள் இருவரும் கத்த, நான் இழுத்தேன். முழங்கை நீளக் கெண்டை என் மடியில் விழுந்து துள்ளியது. புடவையெல்லாம் செதிள். என் வயதில் அப்படிச் சிரிப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

காலையிலேயே அக்கரையில் இறக்கிவிட்டிருந்த நாத்தனார் மூன்று கல் கூட்டிச் சோறு வடித்திருந்தாள். மீனை உரசியது நான், குழம்பு கூட்டியதும் நான். இரத்தோட்டை மிளகு, கொறுக்காய்ப் புளி, கடைசியில் தேங்காய்ப்பால். ஐஸ் படாத மீனுக்கு வாடை கிடையாது; தண்ணீரின் மணம்தான். வேகும்போதே அந்தத் தலையின் மேல் கண் வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பெரிய மீனின் தலை மாப்பிள்ளைக்கு. மாத்தளைச் சந்தையில் வாங்கிய எத்தனையோ தலைகளை என் கையாலேயே அந்தத் தட்டில் வைத்திருக்கிறேன். அதெல்லாம் போகட்டும். இது நான் பிடித்தது.

கணவர் கரண்டியால் தலையைத் தூக்கினார்.

“நான் புடிச்ச மீனுங்க அது.”

“அதுக்கு? யாரு புடிச்சாலும் தலை மாப்ளைக்குத்தான். சின்னப் புள்ளையா நீ?”

மாப்பிள்ளை தட்டில் வைத்துவிட்டார். வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள், நாங்கள் பிறகு. இங்கே எல்லோரும் ஒரே பாறையில். அதனால்தான் பார்த்தேன். மாப்பிள்ளை தலையைத் தொடவே இல்லை. தட்டைச் சாய்த்து, பழகிய கையால், மனைவியின் சோற்றில் தள்ளிவிட்டார்.

“என்னடி இது?” என்றேன்.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “அவருக்குத் தலைன்னாலே ஆகாது அண்ணி. கண்ணப் பாத்தா ஒரு மாதிரியாம். எப்பவும் நான்தான் திங்கிறது. வேணாம்னு சொன்னா அண்ணன் கோவிச்சுக்கும்ல.”

எப்பவும்! புருஷன் எழுந்த தட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாளே, பாசம் என்றல்லவா நினைத்தேன். ஒரு மீனின் கண்ணுக்கு மிரளும் மனிதருக்கு மரியாதை, அந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்து இவள் சாப்பாடு, இதெல்லாம் கெடக்கூடாது என்று நான் வாலும் முள்ளும் தின்றிருக்கிறேன். அடுப்படியில் பக்கத்திலேயே இருந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை அடிக்கவா, கட்டிப்பிடிக்கவா?

இரண்டும் செய்யவில்லை. அவள் தட்டிலிருந்து தலையை எடுத்துப் பாறையில் வைத்து, இரண்டாகப் பிளந்தேன்.

“பாதி உனக்கு. இனிமே நேரா கேட்டு வாங்கு.”

“என்ன பழக்கம் இது?” என்றார் கணவர்.

என் பாதியை எடுத்துக் கடித்தேன். கன்னத்துச் சதை கரைந்தது. இவ்வளவு ருசியா என்று கோபம் இன்னும் ஏறியது.

திரும்பும்போது காற்று பலத்திருந்தது. கணவர் கட்டைப் பக்கத்தைக் காட்டினார். “உக்காரு. பாரம் வேணும்.”

“மாப்பிள்ளைய உக்கார வைங்க” என்றேன், சோடாப் போத்தலிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டே. “ஆடாம இருந்தா போதும்.”