மூடி திறந்த டப்பா

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பா இருந்தது. முந்தின வருஷ ஆயுத பூஜைக்கு அப்பாவின் கம்பெனியில் கொடுத்தது. அதிலிருந்த மைசூர்பாகை நான் தின்று தீர்த்தபின், மாமா அதில் கள்ளிச்செடி வளர்த்தார்.

அம்மாவின் தம்பியான அவர் எங்களோடு தங்கி, ஒரு நர்சரியில் தினக்கூலியாக இருந்தார். அங்கே வரவழைத்த அபூர்வமான கள்ளி விதைகள் முளைப்பதும் அழுகுவதுமாக இருந்தன. மிச்சமிருந்த கொஞ்சத்தை முதலாளி மாமாவிடம் கொடுத்து, பிழைக்க வைத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். பூஞ்சை வராமலிருக்க மாமா மணலை இட்லிப் பானையில் வேகவைத்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மாமா விதை தூவி, தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, நேர் வெயில் படாத ஜன்னலில் வைத்தார். மூன்றாம் வாரம் கடுகளவில் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. மொத்தம் பதினொன்று. தினமும் காலையில் நான்தான் எண்ணிச் சொல்வேன்.

"மூடிய மட்டும் தெறந்துடாத கண்ணு. பச்சக் கொழந்தைங்க, காத்துப் பட்டா காஞ்சு போயிடும்," என்பார் மாமா.

ஆயுத பூஜையன்று அவர் நர்சரிக்குப் போயிருந்தார். வீட்டில் பைக்குக்கும் மிக்சிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. மாமாவின் டப்பாவை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. துடைத்து, மூடியில் மூன்று பொட்டு வைத்து, வாசல் வெயிலில் பைக் பக்கத்தில் வைத்தேன். கள்ளி பாலைவனத்துச் செடி என்று பள்ளிப் புத்தகத்தில் படமே போட்டிருந்தது. மாமாவை விடப் புத்தகத்துக்குத் தெரியும் என்று மூடியையும் கழற்றினேன். பொரி தின்னப் போனவள் அப்படியே மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மாமா வந்தபோது பதினொன்றும் செங்கல் நிறத்தில் சுருங்கிக் கிடந்தன. அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செத்துப் போச்சா மாமா?" என்று அழுதேன்.

"இல்ல கண்ணு, தூங்குதுங்க. தண்ணி தெளிச்சா எந்திரிச்சுக்கும்."

பொட்டு அழியாமல் மூடியைப் போட்டு, டப்பாவை மறுபடி ஜன்னலில் வைத்தார். தானே மறந்துபோய் வெயிலில் வைத்துவிட்டதாக முதலாளியிடம் சொன்னாராம். நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

அடுத்த மாதம் மாமா நர்சரியை விட்டு ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். ஷிப்டுக்குக் கிளம்புமுன் அந்த வெறும் மணலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். எங்கள் மாமாவுக்குக் கம்பெனி பஸ் வருகிறது என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். நான் வைத்த பொட்டுதான் அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.