காந்தம் ஒட்டிய தோட்டா

போன வாரம் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். மகள் புதுவகை மின் அடுப்பு வாங்கிவிட்டாள். அதில் என் பழைய அலுமினியச் சட்டி சூடாகாதாம். கடைப் பெண் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் புதுச் சட்டியின் அடியில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாருங்க அங்கிள், மேக்னட் ஒட்டுச்சுன்னா பயமில்லாம வாங்கலாம் லா."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கை நின்றுவிட்டது.

அந்த டக் சத்தத்தோடு சில வருஷம் வாழ்ந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் சுங்கை ரோட்டுப் பக்கம், கால்வாயை ஒட்டிய ஒரு காயலான் கடையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் கப்பலில் துரு சுரண்டினேன்; இறால் குட்டையில் காவல் இருந்தேன்; எதிலும் கால் தரிக்கவில்லை. படிப்பும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தை நான் விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

தண்ணீர் வற்றும் நேரத்தில் கால்வாய் நாறும். அதோடு பழைய பேட்டரியின் அமில நெடி. சோற்றைப் பிசைந்தால் விரலிலிருந்து துரு வாசம் சோற்றுக்கு ஏறும். இன்றைக்கும் மழைக்கு முன் ஜன்னல் கம்பியைப் பிடித்தால் அந்தச் சோறு ஞாபகம் வருகிறது.

எங்கள் எல்லார் கழுத்திலும் கயிற்றில் ஒரு காந்தம் தொங்கும். மூட்டையைக் கொட்டியதும் ஒவ்வொரு துண்டிலும் வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் இரும்பு, வெளிக் குவியலில் மழையில் கிடக்கும். ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, ஈயம். அவற்றுக்குக் கூரையும் பூட்டும் உண்டு. இரும்பு என்பதே எங்களிடம் வசவு. சோம்பேறியைப் பார்த்தால் "காந்தம் ஒட்டுற ஆளுடா இவன்" என்போம். என்னையும் சொன்னதுண்டு.

சவரி கழுத்தில் மட்டும் இரண்டு கயிறு. ஒன்றில் காந்தம், இன்னொன்றில் மாதா கோயிலில் போட்ட உத்தரியம், மாதா படம் தைத்த சின்னத் துணி. ஊரிலிருந்து பொடியனாக வந்தவன். இங்கேயே பிலோமினாவைக் கட்டினான், இங்கேயே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால் அவனிடமும் அவளிடமும் இருந்தது நீல ஐசி, நிரந்தரவாசி அட்டை. குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தான். குடிமகனின் இளஞ்சிவப்பு ஐசி கைக்கு வந்தால்தான் ஆங் மோ கியோவில் அரசாங்க அடுக்குமாடி வீடு கேட்க முடியும். குடும்பமே அப்போது ஒரு கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் கிடந்தது.

"பத்தாம் மாடி கேப்பேன் மச்சான். கொசு அவ்ளோ தூரம் ஏறாது."

"லிஃப்டுல ஏறும்டா."

"ஏறட்டும். அதுக்கும் வீடு வேணும்ல."

ஒருநாள் பக்கத்து நாட்டுக் கப்பலில் வந்த பழைய உலோக மூட்டையைக் கொட்டினோம். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகள் நிறைய வரும், புதுசு இல்லை. அன்று அதற்குள் முழுசாக ஒன்று கிடந்தது. நீளமான ரைஃபிள் தோட்டா. பித்தளை உடம்பு, செம்பு மூக்கு, மூக்கின் நுனியில் பாதி உரிந்த கறுப்புச் சாயம். எல்லாரும் இரண்டடி பின்வாங்கினோம். சவரி மட்டும் குந்தி உட்கார்ந்து, வழக்கம்போலக் காந்தத்தை வைத்தான். உடம்பில் ஒட்டவில்லை. மூக்கில் வைத்ததும் பிடித்துக்கொண்டது.

நிஜத் தோட்டாவில் செம்புக்குள் ஈயம் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஈயத்தில் காந்தம் ஒட்டாது. இதில் ஒட்டுகிறது. அப்படியென்றால் உள்ளே இரும்பு. இரும்பு என்றால் போலி. பயிற்சிக்கு வைத்திருக்கும் டம்மி, அதனால்தான் கறுப்பு அடித்திருக்கிறான் என்று நாங்களே தீர்ப்பும் எழுதினோம். சீன முதலாளி எட்டிப் பார்த்து, "மயின் மயின் சஜா" என்று மலாயில் சிரித்தார். வெறும் விளையாட்டுச் சாமான் என்று அர்த்தம்.

சவரி அதைத் துடைத்து, அடிப்பக்க வரிப்பள்ளத்தில் கம்பி சுற்றி, ஒரு சாவி வளையத்தில் மாட்டினான்.

"சாவி எங்கடா?" என்றேன்.

"வரும் மச்சான். வளையம் ரெடியா இருக்கட்டும்."

அந்த வருஷம் எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு மாதா திருவிழாவுக்குச் சவரியின் கோயில் ஆட்கள் பஸ் எடுத்தார்கள். பக்திக்குச் சம்பந்தமில்லாத நானும் பிரியாணிக்காக ஏறினேன். திரும்பும்போது உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனையில் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் தட்டில் வைக்கச் சொன்னார்கள். சவரி ஜெபமாலை, சீப்பு, சாவி வளையம் மூன்றையும் வைத்தான். அதிகாரியின் முகம் மாறியதைப் பார்த்து அவன்தான் ஆறுதல் சொன்னான்: "டம்மி லா, பாஸ். காந்தம் ஒட்டும், பாருங்க." நிரூபிக்கக் கழுத்துக் கயிற்றை வேறு வெளியே இழுத்தான். அவசரத்தில் வந்தது உத்தரியம்.

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அதுதான் கடைசிச் சிரிப்பு.

சவரியை அங்கேயே கைது செய்தார்கள். என்னையும் விசாரித்தார்கள். தமிழ் இன்ஸ்பெக்டர், வயசானவர், அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. நான் காந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"தம்பி, இது இரும்புத் தகட்டையே துளைக்கிற ஜாதி. அதுக்குத்தான் உள்ள எஃகு வச்சிருக்கான், கறுப்பும் அடிச்சிருக்கான். காந்தம் ஒட்டுனா இரும்பு இருக்குன்னுதான் அர்த்தம். மருந்து இல்லேன்னு அர்த்தமில்ல."

"அப்ப ஈயத் தோட்டான்னா தப்பு கம்மியா சார்?"

"ஈயமோ எஃகோ, லைசென்ஸ் இல்லாம ஒண்ணு வச்சிருந்தாலும் குத்தம்தான். சட்டம் காந்தம் வச்சுப் பாக்காது."

கோர்ட்டில் ஆயுத நிபுணர் ஒருவர் அதைப் பிரித்து எடுத்துவந்திருந்தார். ஒரு சின்னப் போத்தலில் கருஞ்சீரகம் மாதிரி வெடிமருந்து. உரித்துவைத்த செம்புத் தோல். அதற்குள்ளிருந்து எடுத்த எஃகுத் துண்டு, சீவிய பென்சில் போல. சவரி குற்றவாளிக் கூண்டிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையாளர் பெஞ்சில் மகளை மடியில் வைத்திருந்த பிலோமினா என்னிடம் கேட்டாள், "அவ்ளோ மருந்த இடுப்புல வச்சுக்கிட்டா அண்ணே இவளத் தூக்கிட்டுத் திரிஞ்சாரு?"

அவன் சொன்னதை நீதிபதி நம்பினார் என்றே நினைக்கிறேன். அதனால் தண்டனை குறைந்தது, இல்லாமல் போகவில்லை. சிறை முடிந்த கையோடு நீல ஐசியும் போயிற்று. குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தில் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து நின்றான். மகளுக்கு அந்த ஊரே தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடம் உண்டா என்று என்னிடம் கேட்டது.

"என்னா செய்ய மச்சான்," என்றான் சவரி. "ஒட்டுச்சே. நீயும் பாத்தல்ல?"

பார்த்தேன் என்றேன்.

அவன் போன பிறகு அந்தக் கடையிலும் எனக்கு நிலைக்கவில்லை. சில வருஷத்தில் கடையே இல்லை. கால்வாயைச் சுத்தம் செய்தார்கள், நாற்றமும் போய்விட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். எனக்குச் சுவா சூ காங்கில் வீடு கிடைத்தது, நாலாம் மாடி. சாவியை இன்றுவரை வெறும் வளையத்தில்தான் வைத்திருக்கிறேன்.

பஸ் ஆங் மோ கியோ வழியாகப் போனால் ஜன்னலோரம் உட்காருவேன். ஏதாவது ஒரு புளோக்கில் கீழிருந்து பத்து மாடி எண்ணுவேன். யாரோ துணி காயப்போட்டிருப்பார்கள். சின்னப் பாவாடையும் இருக்கும். அது யார் வீடு என்று எனக்குத் தெரியாது. யார் வீடாக இருந்திருக்கலாம் என்று தெரியும். அவன் எந்த ஊரில் இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ.