பெட்டி அங்கே, காதுமூடி இங்கே

எஸ்டேட் துரை சீமைக்குக் கிளம்பியபோது, கூட எடுத்துப்போக முடியாத சாமான்களையெல்லாம் பங்களா வராந்தாவில் பரப்பி ஏலம் விட்டார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் பாதி சனம் அன்று வேலைக்குப் போகவில்லை. மெத்தைக்கும் பீங்கான் தட்டுக்கும் அடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் யாருக்கும் வேண்டாத ஒரு பொருளுக்காகக் காத்திருந்து கையைத் தூக்கினார். ஹெட்போன். நாங்கள் குடியிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையில், லயத்தில், யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. காதுமூடி என்றுதான் கடைசிவரை சொன்னோம். கனமென்றால் அப்படியொரு கனம். தலையில் மாட்டினால் கழுத்து தானாகக் குனிந்துவிடும்.

அதன்மேல் அவருக்கு ஏன் ஆசை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் டீ ஃபாக்டரியில் ரோலர் ரூமில் வேலை பார்த்தார். இலையைச் சுருட்டும் அந்த இயந்திரங்களுக்கு நடுவே வாலிபம் முழுக்க நின்றவர். நாற்பது வயதுக்குள் காது மந்தமாகிவிட்டது. நான் சொல்வதைப் பாதி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். தெரிந்தால் ஃபாக்டரியிலிருந்து எடுத்து மலைவேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். "யார்ட்டயும் சொல்லிராத புள்ள. ஒன் தம்பிட்டகூட மூச்சு விடாத" என்றார். நானும் விடவில்லை. அந்தச் சாமர்த்தியத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

துரை போவதற்குக் கொஞ்சம் முன்னால், பங்களாவில் இசைத்தட்டு அலமாரியை நகர்த்த இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். துரை அன்று நல்ல குஷியில் இருந்தார் போலிருக்கிறது. இவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காதுமூடியை மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வயலினு வில்லு திரும்புறது கேட்டுச்சு புள்ள. பாடுற பொம்பள நடுவுல மூச்சு எடுத்தா. அதுகூடக் கேட்டுச்சு" என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. நான்தான் முந்தானையால் துடைத்தேன்.

பங்களாவில் அந்தக் காதுமூடி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் செருகியிருந்தது. ஆம்பிளிஃபையர். இரண்டும் ஜோடி என்பது ஏலம் போட்ட கிளார்க்குக்குத் தெரியாது, தனித்தனியாக வைத்துவிட்டார். பெட்டியைக் கூவியபோது என் வீட்டுக்காரருக்கு அந்தக் கூப்பாடு காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் நான் இடித்துச் சொல்லியிருப்பேன். எனக்கு அன்று மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. கறுப்புப் பெட்டியை எடுத்தது வேறு யாருமில்லை, பூப்பாறையிலிருந்து வந்த என் தம்பி. கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விடப்போவதாகப் பெரிய கனவு அவனுக்கு.

வேறு எவன் எடுத்திருந்தாலும் போய்க் கேட்டிருப்பார். தம்பியோடுதான் பேச்சுவார்த்தை இல்லையே. மகளுக்குக் காது குத்தியபோது வந்த வினை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? மலைச்சரிவில் மண் விழுந்து அவன் வந்த ஜீப் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று பெரியவர்கள் அவசரப்படுத்த, பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டோம். சீர்த்தட்டோடு தம்பி வந்து நின்றபோது இவர் "நேரம் போயிருச்சு மாப்ள!" என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் காது கேட்காதவர் குரல் எப்போதுதான் தாழ்ந்திருக்கிறது? பந்தலே திரும்பிப் பார்த்தது. சபையில் அதட்டிவிட்டார் என்று தம்பி தட்டை வைத்துவிட்டுப் போனவன்தான்.

காதுமூடியின் தடித்த செருகி எங்கள் டிரான்சிஸ்டருக்குப் பொருந்தவில்லை. போடிக்குப் போய் ரேடியோ கடையில் சின்னச் செருகி வைத்துக் கொண்டுவந்தார். மாட்டினால் கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ வந்தது. நான் மாட்டிப் பார்த்தேன். எனக்கே அடுப்படிச் சத்தத்துக்கு மேலே அது கேட்கவில்லை. குமிழைக் கடைசிவரை திருப்பியும் அவ்வளவுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மறுபடி போடிக்குப் போனபோது நானும் போனேன். கடைக்காரர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரேடியோ மேலயும் குத்தமில்ல, இது மேலயும் குத்தமில்லம்மா. இத ஓட்ட ரேடியோவுக்குத் தெம்பு பத்தாது. அதுக்காகக் கோயில் மைக் செட்ல கொண்டுபோய்ச் சொருகிராதீக. உள்ள இருக்கிற கம்பி கருகிப்போகும், மாட்டுன ஆளு காதும் போயிரும். இதுக்குன்னே அளவா ஒரு பெட்டி கூட வந்திருக்குமே, அது எங்க?"

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் காதுமூடியை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தேன். பெட்டி எங்கே இருக்கிறதென்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தம்பி பக்கமும் இதே கூத்து. அந்தப் பெட்டியில் கோன் ஸ்பீக்கரை மாட்டினால் அது முனகுவதோடு சரி. பந்தலைத் தாண்டிக் கேட்காது. காதுக்குள் பாட வேண்டியதை ஊருக்குப் பாடச் சொன்னால் எப்படிப் பாடும்? பூப்பாறை பஜாரில் அவனைக் கேலி செய்தார்கள்; எங்கள் லயத்தில் இவரைக் கேலி செய்தார்கள். "என்னண்ணே, இன்னிக்குக் கொசு என்ன ராகம் பாடுச்சு?" என்று கேட்காத ஆள் இல்லை. ரெண்டு வீட்டிலும் ஆளுக்குப் பாதி இருந்தது. நடுவில் இருந்தது ஜீப்பில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"நீங்க ஒரு வார்த்த சொல்லிவிடுங்க, அவன் கொண்டாந்து குடுப்பான்" என்றேன்.

"சீர்த்தட்ட வச்சிட்டுப் போனது அவன். மொதல்ல அவன் வரட்டும்."

தம்பிக்கு ஆள் விட்டால், "மச்சான் வான்னு ஒரு சொல் சொல்லட்டும்" என்று பதில் வரும். நல்ல மச்சான், நல்ல மாப்பிள்ளை. வீம்பில் மட்டும் ஒருவருக்கொருவர் அளவாக இருந்தார்கள். ஆள் அனுப்பிக்கூட மச்சானுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முடிந்ததும் தம்பியிடமிருந்து பதில் வருவதே நின்றுபோனது. எனக்குக் காரணம் புரியவில்லை. இவர் மட்டும் வேலை முடிந்து வந்ததும் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து காதுமூடியை மாட்டிக்கொள்வார். இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, கொசுவுக்குள் வயலினைத் தேடிக்கொண்டிருப்பார். தேடட்டும் என்று விட்டுவிடுவேன்.

மூன்று நான்கு வருஷம் இப்படியே போயிற்று. தம்பிக்குக் கல்யாணம் கூடியது. அவன் தாலி கட்டும்போது முடிச்சுப் போட அக்கா நான் வேண்டுமே. வெற்றிலை பாக்கோடு வந்து அழைக்காமல் முடியாது. வந்தான். எதிரே பார்த்ததும் இவர் எழுந்து, "வா மாப்ள!" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அத்தனை வருஷம்! தம்பி ஏதோ கேட்டான். இவர் சிரித்தார். மறுபடி கேட்டான். மறுபடியும் அதே சிரிப்பு. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போனேன்.

"காது சுத்தமாப் போச்சுடா" என்றேன்.

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "எப்பருந்துக்கா?"

"காது குத்துக்கு முன்னாடியே மந்தந்தான்."

"நான் வந்தேங்க்கா" என்றான். "அந்த மழையில, சாக்குல சுத்திப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தேன். நீ ரேஷனுக்குப் போயிருந்த போல. கதவு தொறந்து கெடந்துச்சு. மச்சான் எனக்கு முதுகக் காட்டி உக்காந்து, காதுல அத மாட்டிக்கிட்டு இருந்தாக. மச்சான், மச்சான்னு கூப்பிட்டேன். திரும்பல. அதுல கொசுச் சத்தந்தான் வரும்னு பூப்பாறைக்கே தெரியும். அத மாட்டிக்கிட்டு இருந்தா நான் கூப்பிடுறது கேக்காமயா போகும்? கேட்டும் கேக்காத மாதிரி இருக்காகன்னு நெனச்சேன். வாசல்லருந்தே திரும்பிட்டேன்."

அப்புறம் அவனுக்குக் கோபம் வந்தது. "எனக்கு ஏங்க்கா சொல்லல?"

அடுப்பில் காபித்தண்ணீர் கொதித்துத் தீர்ந்துகொண்டிருந்தது.

மறுவாரமே பெட்டியோடும், யாரிடமோ இரவல் வாங்கிய ரெக்கார்டு பிளேயரோடும் வந்தான். ஃபாக்டரியை ஒட்டிய லயம், எங்களுக்குக் கரண்ட் இருந்தது. காதுமூடிக்குப் பழைய தடித்த செருகியைத் தானே திரும்ப வைத்துப் பெட்டியில் செருகினான். பெட்டியைப் பார்த்ததும் இவர் முகம் பள்ளிக்கூடப் பிள்ளை முகம் ஆனது. சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு உட்கார்ந்து, காதுமூடியை மாட்டி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். தம்பி கூடக் கொண்டுவந்த இசைத்தட்டைச் சுற்றவிட்டுக் குமிழைத் திருப்பினான். இன்னும் திருப்பினான். வயலின். அடுப்படி வாசலில் நின்ற எனக்கே, மூடிய அந்த இரண்டு கைகளுக்குள்ளிருந்து கசிந்து கேட்டது. பாடுகிறவள் மூச்சு எடுத்தாள். அதுவும் கேட்டது.

"போட்டாச்சா மாப்ள?" என்று சத்தமாகக் கேட்டார் இவர்.

தம்பியின் விரல் குமிழிலேயே இருந்தது. குமிழ் கடைசிக்கு வந்து நின்றிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, உதடு நன்றாக அசையும்படி, "கரண்ட் இல்ல மச்சான்" என்றான்.

இவர் தலையை நிமிர்த்தினார். உத்தரத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். காதுமூடியைக் கழற்றித் தம்பியின் மடியில் வைத்தார்.

"சரி மாப்ள. வந்ததும் கேப்போம்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.