இருட்டு வந்தாத்தான் படம்

...அந்தப் போட்டோக்காரன் கதைய ஏன் கேக்கறீங்க அம்மிணி, கல்யாணத்துல நீங்களும்தான பார்த்தீங்க? ஒண்ணு எடுக்கறான், உடனே காமிராவத் திருப்பி அதும் முதுகுல படம் வந்துச்சான்னு பார்த்துக்கறான். மாப்பிள்ள கண்ண மூடிட்டாராம், தாலிய மறுபடி தூக்கிப் புடிக்கச் சொல்றான்! ஐயரு மொறச்ச மொறப்புல எனக்குச் சிரிப்பு அடங்கலீங்க. எம்பட மக காலத்துல இந்த வசதியெல்லாம் ஏதுங்க? ஃபிலிமு கழுவி வந்தாத்தான் படம் விழுந்துச்சா இல்லையான்னே தெரியும்.

அவ அப்ப நம்ம மலையில பஸ் நிக்கற ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுல வேலைக்கு நின்னா. நான் எஸ்டேட்டுல காப்பிப்பழம் பறிக்கப் போயிருவேன், அவ அங்க பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் கவர்ல போட்டுட்டு இருப்பா. நாள் பூரா சிரிக்காத மொகமா பார்த்துப் பார்த்து அவளும் சிரிக்கறத உட்டுட்டா. அப்பத்தான் சேலத்துலருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருத்தர், "எஸ்டேட் வாலிபால் பைனல்ல ஒரே ஒரு படம் எடுத்துக் கொண்டா கண்ணு. நல்லா இருந்தா எங்க ஆபீஸ்லயே வேல. நிக்கற படம் வேண்டாம், ஆளு அந்தரத்துல இருக்கோணும்"னு சொல்லிட்டுப் போனாரு. அன்னையிலருந்து அவளுக்குச் சோறு எறங்கல.

ஸ்டூடியோ காமிராவ மொதலாளி வெளிய உடமாட்டாரு. ஆனா நொம்ப நாளா சும்மா கெடந்த நீட்டு லென்சு ஒண்ண அவளுக்கே குடுத்துட்டாரு. ஒடம்பு இல்லாத தலையாட்டம் அது ஊட்டுல இருந்துச்சு. அதுக்குப் பொருந்தற காமிரா வேணுமில்லீங்களா? ஆத்தாளும் மகளும் பஸ்ஸேறி சேலத்துல பழைய காமிரா விக்கற கடைக்குப் போனமுங்க. வளைவுக்கு வளைவு எனக்குக் கொமட்டுது, அவ லென்ச மடியில கொழந்தையாட்டம் புடிச்சுட்டு வர்றா.

கடைக்காரரு ரெண்டு எடுத்து வச்சாரு. ஒண்ணு புதுப்பொண்ணாட்டம் மினுமினுன்னு இருக்குது. யாரோ டாக்டர் ஊட்டு பீரோவுலயே இருந்ததாம். இன்னொண்ணு கறுப்புப் பெயிண்டு தேஞ்சு மூலையெல்லாம் பித்தள தெரியுது, ஒரு பக்கம் ஒடுக்கு வேற. "மினுக்கறதுதான் வேகம்மா, உள்ள இருக்கற திரை கண்ணுக்குத் தெரியாம தொறந்து மூடிரும், பந்து அப்படியே நிக்கும்"னு எம்புள்ள அதையே புடிச்சுக்கிட்டா. எனக்கும் அதுதான் புடிச்சுது.

காசு எடுக்கப் போனவ கையப் புடிச்சுட்டேன். வெள்ளிக்கெழம, ராகு காலம். ஒரு கரண்டி வாங்கறதுன்னாலும் அது கழிஞ்சுதான நாம வாங்குவோம்?

"அம்மா, மானத்த வாங்காத. பஸ் போயிரும்."

"அடுத்த பஸ் வரும். ராகு போகட்டும் கண்ணு."

கடைக்காரரு சிரிக்கறாரு. "ஏனுங்கம்மா, ஜப்பான்காரன் செஞ்ச சாமானுங்க. அதுக்கெங்க தெரியும் நம்மூரு ராகு?"

"வாங்கறது நாங்கதானுங்களே, எங்களுக்குத் தெரியுதுங்களே"ன்னேன். அவரு டீ சொல்லிட்டாரு.

கோவத்துல அவளுக்குக் கை சும்மா இருக்கல. ஃபிலிமு இல்லாமயே மினுக்கறத எடுத்து இழுக்கறா, அமுத்தறா. திடீர்னு, "அம்மா, குதி"ன்னா.

"என்னடி?"

"குதிம்மா. எகிர்ற ஆள எடுத்துப் பழகோணும்."

சீலைய இழுத்துச் செருகிட்டுக் கடைக்குள்ளயே குதிச்சனுங்க! டீ கொண்டாந்தவரு கிளாஸோட வாசப்படியிலயே நின்னுட்டாரு. நான் குதிக்க, அவ அமுத்த, கொஞ்ச நேரத்துல அது நின்னே போச்சு. உள்ள இருக்கற கண்ணாடி மேல போனது கீழ எறங்கல. கடைக்காரரு தட்டுனாரு, எறங்குச்சு. அமுத்துனா மறுபடி மேலயே நின்னுக்குது. பீரோவுலயே கெடந்தா உள்ள எண்ண இறுகிரும்னு அவரே சொல்லிட்டு, "உங்க ராகு எங் கடையில வந்து உக்காந்துட்டாருங்கம்மா"ன்னு தலையில கை வச்சுட்டாரு.

அப்பறம் ஒடுக்கு விழுந்ததுக்கும் குதிச்சேன். அது நிக்கவே இல்லீங்க. பின்மூடியத் தொறந்து வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு, உள்திரையில ஓட்ட இருக்குதான்னும் பார்த்துட்டா.

"நான் மேல போனது தெரிஞ்சுதா கண்ணு?"

"தெரியலம்மா."

"ஐயோ, இதுவும் கெட்டதா?"

"இல்லம்மா. அமுத்தற நேரம் நான் பார்க்கற கண்ணாடி மேல போயி எனக்கு இருட்டாயிரும். நீ அந்தரத்துல நிக்கறத நான் பார்த்துட்டன்னா அது படத்துல விழலைன்னு அர்த்தம். இருட்டு வந்தாத்தான் படம்."

ராகு கழிஞ்சு அதத்தான் வாங்கிட்டு வந்தோம். பழம் பறிக்கறப்பெல்லாம் அவ சொன்னதே மனசுல ஓடுச்சுங்க. ஊரு பூரா பார்க்கட்டும்னு ஒருத்தி இருட்டுல நிக்கறாளேன்னு.

பைனல் அன்னிக்குப் பாதி மைதானத்த மஞ்சு மூடிக் கெடந்துச்சு. கடைசி பாயிண்டுக்கு எஸ்டேட் டிரைவர் ஒருத்தர் எகிறி அடிச்சாரு, சனம் ஓன்னு கத்துது. இவ வெளுத்துப்போன மொகத்தோட ஓடியாறா. "அம்மா, எப்படிம்மா அடிச்சாரு? நான் பார்க்கவே இல்ல!"

எனக்கு வந்த சந்தோசத்தக் கேக்கோணுமே! "பார்க்கலயா? அப்ப விழுந்துருச்சுடி!"

"அது சரி, நீ பார்த்தயில்ல? சொல்லு."

"நான் எங்க பார்த்தேன்? கண்ண மூடி சாமியில்ல கும்புட்டுட்டு இருந்தேன்!"

உங்க தலைக்கு மேல சுவத்துல தொங்குது பாருங்க, அதுதான் அந்தப் படம். ஆளு அந்தரத்துல, பந்து உள்ளங்கையில, பின்னால மஞ்சு. ஓரத்துல கையக் கூப்பிக்கிட்டுக் கண்ண மூடி நிக்கறனே, தெரியுதுங்களா? பத்திரிகைக்காரரு, "இந்தம்மா யாரு?"ன்னு கேட்டுட்டுத்தான் அவளுக்கு வேலயே குடுத்தாராம். ஆகக்கூடி, யாருக்கு அந்த அடி வேணுமோ அவங்க ரெண்டு பேரும் அதப் பார்க்கல. இப்பவும் வெளக்கு வைக்கறப்ப நிமுந்து பார்த்துக்குவேன், இப்படித்தான் அடிச்சாரான்னு...

ஐயய்யோ, மஞ்சு எறங்குதுங்க, வாசல்ல மொளகு காயுது! அந்தச் சாக்க எடுங்க அம்மிணி, அந்த மூலையப் புடிங்க, நான் இப்படி வாரறேன்.