கால் கிலோவைத் தொடாத கீரைக்கட்டு

விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களைச் சந்தையில் யாருக்கும் பிடிக்காது. அதையே சம்பளத்துக்குச் செய்கிறவள் நான். வாராவாரம் பம்பாயில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்றிக் காய்கறி விலையைக் குறித்து அலுவலகத்தில் கொடுப்பேன். அது படிப்படியாக மேலே ஏறி, நாட்டின் வேளாண்மைப் புள்ளிவிவரம் என்று தடித்த புத்தகமாகிவிடும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்து, 'அப்புறம் வாங்க' என்ற பதிலோடு திரும்பியிருக்கும் கணக்கெடுப்பாளர் சொந்தங்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இந்த ஒரு தடவை ஜெயித்தது நம் கட்சி.

மூன்று விலை

முதல் வாரம் தாராவியில் காதர் பாயிடம் போனேன். தென்காசிப் பக்கத்துக்காரர், இருபது வருஷமாக அங்கே கீரை விற்கிறவர். முனிசிபாலிட்டியா, வரி ஆபீஸா என்று முதலில் விசாரித்தார். இரண்டும் இல்லை, புள்ளிவிவரம் என்றேன். அப்படி ஒரு இலாகா இருப்பதை அவர் நம்பவே இல்லை. வெந்தயக்கீரை என்ன விலை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேக்கதுக்கு ஒரு வெல, வாங்குததுக்கு ஒரு வெல, கவருமெண்டுக்கு ஒரு வெல. ஒங்களுக்கு எது வேணும்மா?"

விடுபடாத வெள்ளிக்கிழமைகள்

அன்றிலிருந்து நான் விலை கேட்பதை நிறுத்திவிட்டேன். ஓரமாக நின்று, அடுத்தவர் பேரம் பேசி முடிப்பதை ஒட்டுக்கேட்டு எழுதிக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மையான விலை அப்படித்தான் கிடைத்தது.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவருக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவருடைய பதிவேட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மாட்டுங்காவில் ஒரு கடை, வெள்ளிக்கிழமை தவறாமல் கீரை விலை, முத்து முத்தான கையெழுத்து. மழையில் ஊரே மிதந்த வாரம்கூட விடுபடவில்லை. அந்தக் கடையைத் தேடிக்கொண்டு போனேன். அந்த முகவரியில் மொபைல் ரிப்பேர் செய்கிற ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார்.

"கீரைக் கடையா? நான் இங்க வந்தே மூணு வருஷம் ஆச்சு மேடம். போனுக்கு ஸ்கிரீன் கார்டு வேணும்னா ஒட்டித் தரேன்."

சிவப்புக் கட்டம்

படிவத்தில் கீரையைக் கிலோ கணக்கில் எழுத வேண்டும். சந்தையிலோ கீரை கட்டாகத்தான் விற்கும்; பம்பாயில் ஜூடி என்பார்கள். அதனால் எப்போதோ யாரோ 'ஒரு கட்டு அரை கிலோ' என்று ஒரு விதியை எழுதி, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார்கள். கட்டின் விலை மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது. ஆக, அரசாங்கக் கணக்குப்படி கீரை விலை ஏறவே இல்லை.

ஒருநாள் காதர் பாய் கடையில் கவனித்தேன். முன்பெல்லாம் ஒரு சுற்றுக்கே இழுத்துக் கட்ட வேண்டியிருந்த ரப்பர் பேண்ட், இப்போது மூன்று சுற்றுச் சுற்றியும் தொளதொளவென்று கிடந்தது. விலை ஏறவில்லை, கட்டு இளைத்திருக்கிறது. சொந்தக் காசில் கொக்கி வைத்த ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கி, மூன்று சந்தையிலும் கட்டுக் கட்டாக நிறுத்தேன். ஒன்றுகூடக் கால் கிலோவைத் தொடவில்லை. அப்படியானால் கிலோ விலை இரண்டு மடங்குக்கு மேல்.

கம்ப்யூட்டரில் ஏற்றியதும், போன வாரத்தைவிட ரொம்ப எகிறிவிட்டது என்று என் எண் சிவப்புக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதிகாரி சேஷாத்ரி சார் கூப்பிட்டார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். கெட்டவர் இல்லை, சிவப்பைக் கண்டால் பயப்படுகிறவர், அவ்வளவுதான். என்னுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் காகிதம் அவர் மேஜைமேல்தான் இருந்தது. எனக்கு அந்தச் சம்பளம் போனால் பெண்ணின் காலேஜ் போச்சு.

"போன வார நம்பரையே போட்டுடும்மா. கீரைக்குப் போய் யாராவது தலையைக் கொடுப்பாளா?"

தலைமையகத்திலிருந்து ஒரு மேடம்

மாற்ற மாட்டேன் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பெண்ணின் காலேஜ் ஃபீஸ் ரசீதை எடுத்துப் பார்த்தேன். விளக்கம் மேலே போய், தலைமையகத்திலிருந்து ஒரு மராத்திய மேடம் நேரிலேயே சரிபார்க்க வந்துவிட்டார். சேஷாத்ரி சாரும் நானும் கூடப் போனோம்.

ஆபீஸிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று காதர் பாயிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவரைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. மேடம் ஒரு கட்டு கேட்டார். பாய் குனிந்து, கூடைக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். தராசில் தொங்கவிட்டேன். முள் அரை கிலோவில் போய் நின்றது.

சேஷாத்ரி சார் பெருமூச்சு விட்டார். மேடம் என்னைப் பார்த்தார். காதர் பாய்க்கு எங்கள் மூன்று பேரின் முகமும் விளங்கவில்லை. கொடுத்தது குறைச்சலாகிவிட்டதோ என்றுதான் கலங்கினார். என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"அது விருந்தாளிக்குன்னு மூணு கட்டச் சேத்துக் கட்டுனதும்மா. யாவாரக் கட்டு கூடையில கெடக்குல்லா."

கூடை பேசியது

அதை அப்படியே இந்தியில் மேடத்துக்குச் சொன்னேன். என் குரல் சந்தை முழுக்கக் கேட்டிருக்கும். மேடம் சிரித்துவிட்டு, கூடையிலிருந்து தன் கையாலேயே பத்துக் கட்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக நிறுக்கச் சொன்னார். பத்தும் கால் கிலோவுக்குக் கீழே. அங்கேயே நின்று என் எண்ணுக்குப் பக்கத்தில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டார். அரை கிலோ விதியை எடுத்துவிட்டு, எல்லாச் சந்தையிலும் கட்டை நிறுத்தே எழுத வேண்டும் என்று அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது, மறைப்பானேன்.

சேஷாத்ரி சார் என் ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு கட்டு கீரை நாலு பேருக்குப் போறலேன்னு ஆத்துக்காரியோட தெனம் சண்டை போட்டேனே, அவ மேல தப்பே இல்லையாம்மா?"

ஆக, இந்த நாட்டின் வேளாண்மைப் புள்ளிவிவரத்தை நம்பலாமா என்று யாராவது உங்களைக் கேட்டால், கீரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், வெங்காயத்தை இன்னும் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.